அரையடி அக்கா அடைக்கு உட்கார்ந்த அறை

அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. மூத்தவர்களுக்கு அவள் அரையடி, இளையவர்களுக்கு அரையடி அக்கா. எவ்வளவு நெருக்கமான அறையின் படத்தை அவள் தலையில் கட்டினாலும், அதற்குள்ளிருந்து எப்படியாவது ஓர் அரையடி இடத்தைப் பிடுங்கிக் கொடுத்துவிடுவாள். அதனால் வந்த பெயர்.

அது கப்பல்களுக்கு உள் அலங்காரம் வரைகிற அலுவலகம். கப்பல் என்றதும் கடற்காற்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்கள். பதினான்கு வருஷமாக அங்கே வரைந்துகொண்டிருக்கும் அவள் இதுவரை ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை.

அந்த வருஷம் ஒரு பெரிய வேலை வந்தது. பெரியவர்களுக்கு மட்டுமான கப்பல், குழந்தைகளுக்கு இடமில்லை. உடம்பும் மனசும் தேற வேண்டும் என்று நினைப்பவர்கள் ஏறிக்கொண்டு, பத்து நாள் கடலில் மிதந்துவிட்டு இறங்குவார்கள். எண்ணெய்க் குளியல், நீராவி அறை, மூச்சுப் பயிற்சிக்கு ஒரு கூடம், யாரும் வாய் திறக்கக் கூடாத ஒரு தளம் என்று எல்லாம் உண்டு. கூடங்களை மற்றவர்கள் போட்டி போட்டு எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது கப்பலின் நடு வயிற்றில் அடுக்கப்படும் ஜன்னலே இல்லாத நூற்றெண்பது கேபின்கள். எல்லாம் ஒரே அளவு. ஒன்றை வரைந்தால் நூற்றெண்பதையும் வரைந்த மாதிரி.

மேனேஜர் அந்த கேபின்களுக்கான தாள்கட்டை அவள் மேசையில் வைத்தார். "இதுக்கு உங்கள விட்டா ஆளே இல்லம்மா."

"எப்பவும் இதையே சொல்றீங்க சார்."

"இந்த வாட்டி வேற விஷயம். மாதிரி அறை முதல் தடவையே பாஸாச்சுன்னா, கப்பல்ல அறைகளப் பொருத்தப் போற குழுவோட நீங்களும் போறீங்க. எட்டு மாசம். தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவங்க பொறுப்பு."

கப்பல் கட்டும் தளம் வேறு நாட்டில் இருந்தது. அன்று பஸ்ஸில் வரும்போது அவள் தன் நிறுத்தத்தைத் தவறவிட்டு, இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி நடந்து வந்தாள்.

வீடு மூன்றாவது மாடியில். இரண்டே அறை. ஒன்றில் அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள். இன்னொன்றில் அம்மா, டிவி, சாப்பாட்டு மேசை. அவளுக்கு வாய்த்தது அந்த அறையிலிருந்து குளியலறைக்குப் போகும் வழி. அதில் ஒரு மடக்குக் கட்டில். கட்டிலுக்கு மேலே அண்ணன் ஒரு பலகை அடித்து, அதில் பெட்டிகளையும் பழைய மெத்தைகளையும் அடுக்கியிருந்தான். படுப்பதென்றால் பக்கவாட்டில் சரிந்து உள்ளே போக வேண்டும். போய்ப் படுத்துவிட்டால் முகத்துக்கு நேர் மேலே பலகை. குளியலறைக்குப் போகிற ஒவ்வொருவரும் அவள் கால்மாட்டை இடித்துவிட்டுத்தான் போவார்கள். அப்பா போனபின் வீடு மாறியதிலிருந்து இப்படித்தான். பதினோரு வருஷம்.

எட்டு மாசம் என்ற பேச்சை எடுத்ததும் அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அம்மாவ யாரு குளிப்பாட்டுறது?" என்றான்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. காலையில் குளிப்பாட்டி, துணி மாற்றி, உட்கார வைத்துவிட்டுத்தான் அவள் வேலைக்குக் கிளம்புவாள்.

"ஆள் வெச்சுக்கலாம்ணா."

"வெளி ஆளா? அம்மா உடம்புல கை வைக்க விடுவாங்களா?"

அம்மா யாரோ தூரத்து உறவைப் பற்றிப் பேசுவதுபோல டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி பாத்திரத்தை எடுத்துக்கொண்டே, "போனா போயிட்டு வரட்டும். அந்த இடத்துல வாஷிங் மெஷின் வெச்சுடலாம். குழாயும் பக்கம்" என்றாள். சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. அண்ணிக்கு மனசில் தோன்றுவது அப்படியே வாயில் வந்துவிடும். ஆனால் அரையடி அக்கா பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள். போகவும் விடமாட்டார்கள், போனால் திரும்பி வரவும் இடம் இருக்காது. இரண்டுக்கும் நடுவில், பலகைக்கு அடியில் சரிந்து படுத்துக்கொண்டாள்.

எது எப்படியானாலும் அறை பாஸாக வேண்டும். அதில்தான் அவள் முழு மூச்சும் இருந்தது. இரண்டு மாதம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு வரைந்தாள். கட்டில், மேசை, அலமாரி, குளியலறை எல்லாம் உட்கார்ந்தும் ஓர் அரையடி மிஞ்சியது. அதை நடைவழிக்குக் கொடுத்தாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வரைந்த அறையை முழு அளவில் பிளைவுட்டால் ஊர் எல்லையில் இருக்கும் பட்டறையில் கட்டுவார்கள். வரைந்தவர் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை இருக்க வேண்டும். படுக்க வேண்டும், உட்கார வேண்டும், சட்டை மாற்ற வேண்டும், குளிப்பது போல் கையைக் காலை ஆட்டிப் பார்க்க வேண்டும். எங்கே இடிக்கிறது, எங்கே முட்டுகிறது என்று ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்குப் பட்டறையில் பெயர் 'அடைக்கு உட்காருவது'.

"உள்ள போ தாயி. சாயங்காலம் குஞ்சு பொரிச்சுட்டு வா" என்றார் தச்சு மேஸ்திரி, கதவைத் திறந்துவிட்டு. ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற தொந்தி, எப்போதும் காதில் பென்சில். அவரும் பொருத்தும் குழுவில் போகிறவர்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டாள். யாரும் வரவில்லை. யார் காலும் இடிக்கவில்லை. படுக்கையில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினாள். மாலையில் மேஸ்திரி தட்டியபோது, கன்னத்தில் தலையணை மடிப்போடு வெளியே வந்து, படிவத்தில் குறைகள் என்ற இடத்தில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் கப்பல் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா பார்க்க வந்தார். முப்பது வருஷம் மசாஜ் நிலையங்கள் நடத்தியவர். அதிகம் பேசவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஏழு நிமிஷத்தில் கதவு திறந்தது. அந்த அம்மாவின் மேலுதட்டில் வியர்வை.

"யாரு இதுல ஒரு நாள் பூரா இருந்தது?"

"நான்தான் மேடம்."

"படுத்தீங்களா?"

"படுத்தேன். தூங்கினேன்."

"மேல பலகை இருக்கே. மூச்சு முட்டலையா?"

அப்போதுதான் அவள் பலகையை நினைத்துப் பார்த்தாள். பயணிகளின் பெட்டிகளை வைக்க, கட்டிலுக்கு மேலே ஓர் அலமாரி வரைந்திருந்தாள். அந்த அரையடி அங்கிருந்து மிச்சம் பிடித்ததுதான். கட்டிலுக்கு மேலே பெட்டி இருப்பதில் என்ன தப்பு என்று அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை.

"வீட்ல எங்கம்மா தூங்குறீங்க?" என்று அந்த அம்மா கேட்டார். குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மேனேஜர், மேஸ்திரி, இரண்டு பெயின்டர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் சொன்னாள். கட்டிலைச் சொன்னாள், பலகையைச் சொன்னாள். பெயின்டர் ஒருவர் காலியான டப்பாவைக் கலக்கத் தொடங்கினார்.

"உங்க உடம்பு எல்லாத்துக்கும் சரின்னு சொல்லுது. அத நம்பி நூத்தெண்பது ரூம் கட்ட முடியாது. வேற யாரையாவது படுக்க வெச்சுப் பாருங்க. அஞ்சு நாள் கழிச்சு வர்றேன்."

அந்த அம்மா போனதும் மேனேஜர், "முதல் தடவைன்னு சொல்லியிருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் மேஸ்திரியைப் படுக்க வைத்தாள். இரண்டாவது நிமிஷம் குறட்டை கேட்டது. தட்டி எழுப்பினால், "அருமையா இருக்கு தாயி. மின்விசிறி மட்டும் போட்டுடு" என்றார். அவர் பலகை மேலேயே தூங்கக்கூடியவர். பெயின்டர்கள் அவள் மனசு நோகக் கூடாதென்று நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றார்கள். பொய் சொல்லத் தெரியாத ஆள் வேண்டும். அவளுக்குத் தெரிந்து அப்படி ஒருவர்தான் உண்டு.

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அண்ணி பஸ் ஏறி வந்தாள். கப்பலைப் பார்க்கப் போகிறோம் என்று நல்ல புடவை கட்டியிருந்தாள். பிளைவுட் பெட்டியைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது.

"இதுவா கப்பலு? இதுல கடல் எங்க?"

"கடல் அப்புறம் வரும் அண்ணி. நீங்க சும்மா உள்ள போய்ப் படுத்துட்டு வாங்க. தாழ் போட்டுக்கோங்க."

"படுக்கறதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன்? நல்ல வேலைம்மா உன் வேலை."

பத்து நிமிஷம் சத்தமில்லை. பிறகு தாழ்ப்பாள் படபடவென்று அடித்தது. அண்ணி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்ன கருமம் இது. பொட்டிக்குள்ள போட்டு மூடின மாதிரி இருக்கு. அந்தப் பலகை என்ன நெஞ்சு மேலயா ஏறி உக்காரும்? இதுல மனுஷி படுப்பாளா? எவ வரைஞ்சா இத?"

அவளிடம் அளவு நாடா இருந்தது. வீட்டுப் பலகையை அன்று காலையில்தான் அளந்திருந்தாள்.

"நம்ம வீட்டுப் பலகைய விட இது அரையடி ஒசரம் அண்ணி" என்றாள். குத்திக்காட்டச் சொல்லவில்லை. அளவைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அண்ணி அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பட்டறையில் ஒரு மூலையில் இருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். மேஸ்திரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததையும் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பஸ்ஸில் திரும்பும்போதும் பேசவில்லை. அண்ணி பேசாமல் ஒரு மணி நேரம் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

அண்ணன் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணி ஆரம்பித்துவிட்டாள்.

"அந்தப் பலகைய எடுங்க."

"எந்தப் பலகை?"

"உங்க தங்கச்சி தலை மேல இருக்கறது. இப்பவே எடுங்க."

"பெட்டியெல்லாம் எங்க வைக்கறது?"

"உங்க தலை மேல வைங்க. அப்புறம், அவ எட்டு மாசம் போகட்டும். அத்தைய நான் குளிப்பாட்டறேன். எனக்கும் கை இருக்கு."

டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "மருமக கை சூடா இருக்கும்" என்று முனகினாள். அது சம்மதமா எதிர்ப்பா என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் பலகையை எடுக்கவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை.

நான்கு நாளில் அவள் அறையை மாற்றினாள். கட்டிலை அரையடி உயர்த்திப் பெட்டிகளை அதன் அடியில் தள்ளினாள். மேலே இருந்ததை முழுக்க எடுத்துவிட்டு, கூரையைச் சுற்றி ஒரு விளக்கு வைத்தாள். விடியற்காலை வெளிச்சம் போல அது மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். பெட்டிகள் அடங்கக் கட்டில் அகலமானதில் நடைவழியில் அரையடி போய்விட்டது. போகட்டும் என்று விட்டாள். அண்ணி மறுபடி வந்து படுத்தாள். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, "இது தேவலை. ஆனா தலையணை மட்டம்" என்றாள்.

கப்பல் கம்பெனி அம்மா சொன்னபடி வந்து முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தார். வெளியே வந்தவர், "படிவத்தைச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பாகப் படிவத்தை நீட்டினார். "அடுத்து இன்னொரு கப்பல் வருது. இதே மாதிரி கேபின். நீங்க இங்க இருந்தாதான் ஆகும்."

"பொருத்தப் போறது?"

"முதல் தடவை பாஸாகலையேம்மா. அந்தப் புதுப் பையன அனுப்பறேன். குடும்பம், அம்மான்னு உங்களுக்கும் ஆயிரம் இருக்கு."

அவள் படிவத்தை வாங்கிக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். குறைகள் என்ற இடத்தில் எழுதினாள்: 'அடைக்கு உட்கார்ந்தவருக்கு நல்ல அறை எது என்று தெரிந்திருக்கவில்லை. அவர் முதல் தடவை எழுதியதை நம்ப வேண்டாம். கப்பலில் பொருத்தும்போது ஒவ்வொரு அறையிலும் அவர் மறுபடி படுத்துப் பார்த்த பிறகே கதவு பூட்டலாம்.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "இத எப்படிம்மா அனுப்புறது? அடிச்சுடுங்க."

"எழுதினது பொய்யா சார்?"

"பொய் இல்ல. ஆனா இத அனுப்பினா உங்கள அனுப்பியாகணும்."

"ஆமா சார்."

"வேற படிவம் தர்றேன். ஒண்ணும் இல்லன்னு எழுதுங்க."

"அத ஒரு தடவ எழுதினேன் சார்."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். கம்பெனியிலிருந்து படிவம் கேட்டு இரண்டு முறை போன் வந்துவிட்டது. மூன்றாவது போனில் மேனேஜர், "அனுப்பறோம் மேடம். ஆளையும் சேர்த்து அனுப்பறோம்" என்றார், யாரோ பல்லைப் பிடுங்குகிற குரலில்.

கப்பல் கட்டும் தளத்தில் போய் இறங்கியது ஒரு மத்தியான வேளை. மேஸ்திரி ஆண்கள் விடுதிக்குப் போய்விட்டார். பெண்கள் விடுதியின் பொறுப்பாளர், தமிழ் ஆட்களோடு பல வருஷம் வேலை பார்த்துத் தமிழ் பேசிப் பழகியவள், அவளை நீளமான நடையின் கடைசி அறைக்குக் கூட்டிப்போனாள். உள்ளே நான்கு படுக்கை, இரண்டிரண்டாக அடுக்கு. ஜன்னல் இல்லை. காலியாக இருந்தது கீழ்ப் படுக்கை ஒன்று. மேல் படுக்கையின் இரும்புச் சட்டம், படுத்தால் முகத்துக்கு நேரே வரும்.

பெட்டியை வைத்துவிட்டுச் சரிந்து உள்ளே போனாள். பழகிய சரிவு. படுத்தாள். சட்டத்தைப் பார்த்தாள். நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்தது. கழுத்தில் வியர்த்தது. முதலில் பயணக் களைப்பு என்று நினைத்தாள். புரண்டு படுத்தும் இறங்கவில்லை. எழுந்து வெளியே வந்தாள்.

பொறுப்பாளர் அலுவலக அறையில் சாவிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"வேற ரூம் வேணும்."

"எல்லாரும் அதுலதான் இருக்காங்க. சாதாரணமாத்தான் இருக்கும், ரெண்டு நாள்ல பழகிடும்."

"பழகிடும். அது எனக்குத் தெரியும்" என்றாள் அரையடி அக்கா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ஆனா எனக்குப் பத்தாது."

பொறுப்பாளர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மறுபடி சாவிகளை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். அரையடி அக்கா அங்கிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.