தழை வாடும்வரை

சித்தேரி மலையில் முனியாயிக்கு நடைதான் பிழைப்பு. சாமைக் கொல்லைக்கு நடை, தண்ணீருக்கு நடை, கடுக்காய்ப் பருவம் வந்துவிட்டால் காட்டுக்குள் நடையோ நடை. புருஷன் காளியன் முன்னால் போவான். அவள் அவன் குதிகாலைப் பார்த்தபடி பின்னால் போவாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்திருப்பாள் என்று நாத்தனார் சென்னம்மாள் கேலி செய்வாள்.

அறுபத்தெட்டாம் வருஷ மார்கழியில் கிட்டத்து மரங்களில் காய் அற்றுப்போயிற்று. கடுக்காய்க் குத்தகையை எடுத்திருந்த அரூர் வியாபாரி தஸ்தகீர், ரிசர்வ் காட்டின் மேற்குச் சரிவைப் பார்த்துவிடலாம் என்றார். ஆள் அதிகம் போகாத பக்கம் அது. காளியனுக்கு மனசில்லை, ஆனாலும் தட்ட முடியவில்லை. சென்னம்மாளும் வந்தாள், தஸ்தகீரும் கூடவே நடந்தார். அதனால்தான் அவரைத் திட்ட முனியாயிக்கு வாய் வரவில்லை.

முள்காடு கடந்து, மூங்கில் கடந்து, ஓடையோரத்துச் சோலைக்குள் நால்வரும் நுழைந்தார்கள். பகலிலேயே இருட்டு. ஒரு பறவைகூட வாய் திறக்கவில்லை. கரடி பறித்த பள்ளத்தில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. காளியன் நின்றான். ஒரு தழைக் கொத்தை ஒடித்துப் பாதையின் குறுக்கே போட்டான். எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு, மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தனியாகப் போனான்.

அவர்கள் ஊரில் தழை போட்டால் போட்டதுதான். போட்டவன் திரும்பி வந்து எடுக்கும்வரை மற்றவர்கள் அதைத் தாண்டக் கூடாது, உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ குரல் கொடுக்கவும் கூடாது. மீறினால் உள்ளே போனவன் உயிருக்கு ஆகாது. அவன் வராமலே தழை வாடிவிட்டால் மட்டும் தடை தீர்ந்தது, போய்ப் பார்க்கலாம். வெயில் காலத்தில் அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? சட்டென்று வாடிவிடும். இதை ஏற்படுத்தியவர்கள் மார்கழி மூட்டத்தை யோசிக்கவில்லை போலும்.

தூறல் விழுந்துகொண்டே இருந்தது. தழை அப்போதுதான் பறித்ததுபோலப் பச்சையாகக் கிடந்தது. மேலே எங்கோ கல் உருண்டது. கொஞ்ச நேரம் கழித்து முனகல் மாதிரி ஏதோ கேட்டது. மந்திக் குரங்கு என்றாள் சென்னம்மாள். முனியாயி தலையாட்டினாள், ஆனால் எழுந்து தழைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

தஸ்தகீர் எழுந்தார். எனக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, நான் போய்ப் பார்க்கிறேன் என்றார். முனியாயி கையை விரித்து வழியை மறித்து நின்றாள்.

"போவாதீங்க பாய். நீங்க தாண்டினாலும் அவருக்குத்தாங்க ஆவாது."

அவர் உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் அந்த முனகல் வந்தது. பிறகு வரவே இல்லை. முனியாயி தழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் மூட்டம் விலகி, மர இடுக்கு வழியே தழைமேல் வெயில் விழுந்தது. இலையின் ஓரம் சுருண்டு தொங்கியதுதான் தாமதம், ஓடினாள்.

கூப்பிடு தூரம்கூட இல்லை. பாசிப் பாறையில் வழுக்கி இடுக்கில் விழுந்து கிடந்தான் காளியன். தொடை எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. வேட்டியைக் கிழித்துத் தானே கட்டுப் போட்டிருந்தான், அதையும் மீறி ரத்தம் போயிருந்தது. கரடி தொட்ட காயம் ஒன்றுகூட இல்லை. மூச்சு நின்றிருந்தது, உடம்பில் சூடு மட்டும் இருந்தது.

காரியம் முடிந்ததும் ஊரில் பேச்சு கிளம்பியது. அவள் தழையைத் தாண்டியிருக்கிறாள், இல்லாவிட்டால் காளியன் ஏன் சாகிறான் என்றார்கள். அநியாயம் என்றால் இதுதான் அநியாயம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த சென்னம்மாள் ஆரம்பத்தில் மறுத்தாள், அண்ணன் போன துக்கத்தில் பிறகு வாயை மூடிக்கொண்டாள், எழுபத்திரண்டு வாக்கில் அவளே அப்படிச் சொல்லவும் ஆரம்பித்துவிட்டாள். காட்டுக்குப் போகிறவர்கள் முனியாயியைக் கூப்பிடுவதில்லை. அவள் நிழல் பட்ட பாதையில் கால் வைக்கவும் பயந்தார்கள்.

இது தஸ்தகீர் காதுக்கு எட்டியபோது அவருக்குப் பொறுக்கவில்லை. மலை ஏறி அவள் வீட்டுக்கே வந்தார். ஊர்க்கவுண்டரைக் கூப்பிட்டு, நீ தாண்டவில்லை என்று எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்கிறேன் என்றார்.

முனியாயி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"வேணாங்க பாய். தாண்டினேன்னே இருக்கட்டும். தாண்டியிருந்தா அவரு பொழைச்சிருப்பாரு."