அக்காவுக்கு என்ன பிடிக்கும்

அக்கா இறந்து பதினான்காம் நாள் கங்காணி என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நாளன்னிக்குப் பதினாறு. நீங்கதான் பக்கத்து வீடு. அக்காவுக்கு என்ன புடிக்கும்னு சொன்னீங்கன்னா சாமான் வாங்கிடலாம். படையல்ல அதைத்தானே வைக்கணும்?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். யோசிக்க வேண்டிய கேள்வியா அது? பதினோரு வருஷம் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரே லயத்தில் குடியிருந்தோம். நடுவில் கூரையைத் தொடாத பலகைச் சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் அவர் புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். எந்த முழங்கால் வலிக்கிறது என்றுகூடச் சொல்லிவிடுவேன். அவருக்குப் பிடித்த சாப்பாடு என்ன என்று மட்டும் தெரியவில்லை.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில் செனாய் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அக்கா அங்கே வந்து சேர்வதற்கு முன் மூன்று தோட்டத்துத் துரைமார் அவரை வெளியே அனுப்பியிருந்தார்கள். பால்குடிக் குழந்தை வைத்திருக்கும் பெண்களைப் காலை பத்து மணிக்கு ஒருமுறை பால் கொடுக்கப் பிள்ளைக் கொட்டகைக்கு விட வேண்டும் என்று கேட்டதுதான் குற்றம். அறுபதைத் தாண்டியிருந்தார். இருந்தும் எல்லோருக்கும் அவர் அக்காதான். ஒருத்தி தெரியாமல் பாட்டி என்று கூப்பிட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

எங்கள் தோட்டத்திலும் அதையேதான் கேட்டார். துரை காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடியுமுன் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில், பெயர் கூப்பிடும்போது பெண்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று அக்கா வீடு வீடாகச் சொல்லி வைத்தார். மறுநாள் கணக்கெழுதும் கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார், ஒரு சத்தம் இல்லை. எனக்குக் குழந்தை இல்லை. பதில் சொல்லிவிட்டு, பால் வெட்ட என் மர நிரைக்குப் போயிருக்கலாம். நானும் அவர்களோடு நின்றேன். வெயில் ஏறிய பிறகு துரை வந்தார், பார்த்தார், கிராணியிடம் ஏதோ சொன்னார். அன்றிலிருந்து பத்து மணிக்கு விட்டார்கள்.

சம்பள நாளில் அக்கா கள்ளுக்கடை வாசலில் முக்காலி போட்டு உட்காருவார். மறியல் என்று கத்துவதெல்லாம் கிடையாது. "பொண்டாட்டி எப்படிப்பா இருக்கா? அரிசி வாங்கிக் குடுத்திட்டியா?" என்று வருகிறவனை எல்லாம் விசாரிப்பார். சிலர் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுவார்கள். ஒருவன் முக்காலியை எட்டி உதைத்தான். அக்கா விழுந்தார், எழுந்தார், சேலையைத் தட்டிவிட்டு அதே இடத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

பதினாறாம் நாள் சடங்கையெல்லாம் அவர் மதித்தவர் இல்லை. உயிரோடு இருக்கிறவன் பட்டினி கிடக்கையில் செத்தவனுக்கு இலை எதற்கு என்று கேட்பார். தெரிந்தேதான் அது நடந்தே தீர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இந்த மண்ணில் அவருக்கு ரத்த உறவு யாரும் இல்லை. இலை போட்டுக் கும்பிட ஆளில்லாமல் அநாதையாகப் போனார் என்ற பேச்சு வருவதை என்னால் தாங்க முடியாது.

லயம் லயமாக ஏறி இறங்கி விசாரித்தேன். "நம்ம வீட்டுக் கருவாட்டுக் கொழம்புன்னா அக்காவுக்கு உசுரு" என்றாள் ஒருத்தி. இரண்டு வீடு தள்ளிப் போனால், "கருவாடா? அவங்க தொடவே மாட்டாங்களே. நான் கடையிற கீரைதான் புடிக்கும்னு அவங்க வாயாலயே சொன்னாங்க" என்று இன்னொருத்தி சண்டைக்கு வருகிறாள். மனுஷி ஒவ்வொரு வீட்டிலும் அதையே சொல்லியிருக்கிறார். போட்டதைச் சாப்பிட்டு, இதுதான் எனக்குப் பிடித்தது என்று அவர்கள் மனதைக் குளிர வைத்து, வந்த காரியத்தைப் பேசிவிட்டு எழுந்து போயிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

பதினாறாம் நாள், முன்பு முக்காலியை உதைத்தவன் முதல் ஆளாக வந்தான். கையில் ஒரு குவளை நிறையக் கள், ஒரு சுருட்டு. தோட்டத்தில் யார் செத்தாலும் படையலில் கள் வைப்பதுதான் வழக்கம்.

"கள்ளு இல்லாம எப்படிம்மா படைக்கிறது? புதுசா எறக்கினதா பாத்து வாங்கிட்டு வந்தேன்" என்றான். கண் கலங்கியிருந்தது.

குவளையை அவன் கையிலிருந்து பிடுங்கிக் கால்வாயில் ஊற்றினேன். "அவங்க எந்த வாசல்ல உக்காந்திருந்தாங்கன்னு மறந்துபோச்சா உனக்கு?" என்று கேட்டேன்.

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. "தெரியாம செஞ்சிட்டேம்மா. அவங்களுக்கு என்ன புடிக்கும்னு நீங்க சொல்லுங்க, ஓடிப் போயி மலாய்க்காரங்க கம்பத்துக் கடையில வாங்கிட்டு வந்திடுறேன்" என்றான்.

கூடியிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவனாவது தனக்குத் தெரிந்த மரியாதையை வாங்கிக்கொண்டு வந்தான். நான் அதையும் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்கிறேன். இதைவிட அவமானம் எனக்கு வாழ்க்கையில் நேர்ந்ததில்லை.

"நானே சமைச்சிடுறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தேங்காய்ப்பூ தூவினேன். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தேன். புளிக்காத மோரில் கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டேன். கை தானாகச் செய்தது. ஜொகூர் பாரு பட்டணத்துக்குக் கூட்டத்துக்குப் போய்வரும் நாட்களில் அக்கா ஒரு பொட்டலத்தோடு என் வீட்டுக்குள் நுழைவார். "இந்தா, கெழங்கு. உனக்குப் புடிக்குமே" என்பார். சொன்னதாக எனக்கு ஞாபகம் இருக்காது. ரப்பர் விலை விழுந்த வருஷம் என் கணவர் கப்பலேறி ஊருக்குப் போனார். போனவரிடமிருந்து ஒரு கடிதம் இல்லை. அந்தக் கதையை எத்தனை நூறு தடவை அக்காவிடம் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டார். அவர் கதை என்ன என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

இலை போட்டு, விளக்கேற்றி, இறந்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே இலையில் இருப்பது எதுவும் அக்காவுக்குப் பிடித்ததில்லை, எல்லாம் எனக்குப் பிடித்தவை. இந்த உலகத்தில் எனக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். என் பதினாறாம் நாளில் கங்காணி யார் வீட்டு வாசலில் போய் நின்று கேட்பார்?

வாய்விட்டு அழுதேன். பெண்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள்.

"அழாதீங்கம்மா. அக்கா நல்லா சாப்புடுவாங்க" என்றார் கங்காணி.

அக்காவுக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் எனக்காக அழுதுகொண்டிருந்தேன்.