சமன் பயணமும் லாண்டிங் கட்டமும்

எழுத்தில் வந்த கேள்விக்கு எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும். உடனே பதில் சொல்ல முடியாவிட்டால், கடிதம் கிடைத்தது, விடயம் ஆராயப்படுகிறது என்று ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்பட்ட விதி இது. இடைக்காலப் பதில் எதையும் தீர்ப்பதில்லை. ஆனாலும் மேசைக்கு அந்தப் பக்கத்தில் ஓர் ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதை அது உறுதிப்படுத்தும். கனடாவில் இப்படி ஒரு விதி உண்டா என்று சில அலுவலகங்களுக்கு எழுதிக் கேட்டேன். இடைக்காலப் பதில்கூட வரவில்லை.

ரொறன்ரோவில் ஒரு காப்புறுதிக் கந்தோரின் பதிவறையில் பத்து வருடம் கோப்புகளை அடுக்கிவிட்டு நான் ஓய்வு பெற்றது 1995இல். அந்தக் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மார்க்கம் நகரில் இருந்த என் மனைவியின் தம்பி, கக்கத்தில் ஒரு சுருட்டிய வரைபடத்தோடு வோபர்னில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்டுக்கு வந்து சேர்ந்தார். கம்பியூட்டர் வேலை. அந்த வருடம் மாலை வகுப்பில் படகோட்டக் கற்றுக்கொண்டிருந்தார். வகுப்பு நடந்தது ஒரு பள்ளிக்கூட அறையில். கதிரைக் காலில் கயிறு கட்டிப் பழகுகிறார்கள் என்று அவரே சொன்னார்.

வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். அது திரும்பத் திரும்பச் சுருண்டது. குசினியிலிருந்து நான்கு தகர ரின்களை எடுத்துவந்து நான்கு மூலையிலும் வைத்தார்.

"அத்தான், வாற ஓகஸ்டிலை மூண்டு கிழமை. வன்கூவர் தீவிலை ஒரு போட்டை வாடகைக்கு எடுக்கிறம். கரையைப் பிடிச்சுக்கொண்டு வடக்கை போறம். வழி முழுக்கச் சமன் பிடிக்கிறம்."

"என்னத்தைப் பிடிக்கிறியள்?" குசினியிலிருந்து மனைவி கேட்டாள்.

"சமன், அக்கா."

"அதைப் பிடிக்க மூண்டு கிழமையோ? உந்த மூலையிலை நீ வைச்சிருக்கிறது என்ன? நேற்றுத்தான் கடையிலை நாலு பிடிச்சனான்."

எங்கள் ஊரில் சால்மனைச் சமன் என்போம்; தகரத்தில் அடைத்து வந்த மீன் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். உள்ளே இருந்தது என்ன மீன் என்று யாரும் விசாரித்ததில்லை. அது உயிரோடு ஆற்றில் ஏறும், துள்ளும், ஓர் ஆளின் கை நீளம் வளரும் என்பதெல்லாம் என் மனைவிக்கு அன்றுதான் தெரியவந்தது. அவள் நம்பவில்லை.

"சரி, பிடிச்சுக்கொண்டு வாங்கோ. வெங்காயம் பச்சைமிளகாய் போட்டுப் பிரட்டித் தாறன். ரின் வெட்டுற வேலையாவது மிச்சம்."

படகில் மூன்று பேர் தேவை என்றார் மைத்துனர். மூன்றாவது ஆளையும் அவரே தெரிந்து வைத்திருந்தார். எங்கள் கட்டிடத்தில் இரண்டு மாடி கீழே இருந்த மன்னார்க்காரர். கத்தோலிக்கர், ஐம்பதைத் தாண்டியவர், ஒரு பேக்கரியில் இரவு வேலை. ஞாயிறு பூசை முடிந்து வரும்போது எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் படுக்கப் போவார்.

"மன்னார் ஆள். கடல் அவருக்குத் தண்ணிபட்ட பாடு" என்று மைத்துனர் எனக்கு விளக்கினார்.

அன்று தேத்தண்ணிக்கு வந்தவரிடம் அதையே திருப்பிச் சொன்னார். அவர் சிரித்தார்.

"தம்பி, நான் மீன்பிடிச் சங்கத்திலை கணக்கெழுதினனான். கடலைப் பாத்தது கந்தோர் யன்னலாலை. மீனைப் பாத்தது சாப்பாட்டுக் கோப்பையிலை. அதுவும் சமைச்ச பிறகு."

"அப்ப வரமாட்டியளோ?"

"ஆர் சொன்னது? வாறன்."

அவர் ஏன் உடனே சம்மதித்தார் என்பது எனக்கு விளங்கியது. அவருடைய அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டிருந்தது. நிரந்தர வதிவிடம் மட்டும் வரவில்லை. அதை எங்கள் ஆட்கள் லாண்டிங் என்பார்கள். அந்த வருடங்களில் ஸ்காபரோவில் இரண்டு தமிழர் பஸ் தரிப்பிடத்தில் சந்தித்தால், சுகம் கேட்க முன்னமே "லாண்டிங் கிடைச்சிட்டுதோ?" என்றுதான் கேட்பார்கள். லாண்டிங் வந்தால்தான் அவர் மனைவியையும் இரண்டு மகள்மாரையும் கூப்பிடலாம். அவர்கள் இராமேஸ்வரப் பக்கம் ஒரு முகாமில் இருந்தார்கள். மூத்தவள் அங்கே பெரியபிள்ளையான செய்தி இவருக்குத் தொலைபேசியில் வந்தது. அவருடைய வாழ்க்கையில் எதற்கும் திகதி இருக்கவில்லை. மைத்துனரின் பயணத்துக்கு ஒரு திகதி இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் திட்டமிடல். மைத்துனர் நீரோட்டங்களைப் பற்றி வகுப்பில் கேட்டதை எங்களுக்குப் பாடமாக எடுத்தார். மன்னார்க்காரர் மூன்று கிழமைக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு மிளகாய்த்தூள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். சங்கக் கணக்கர் என்பதால் எதிலும் கொஞ்சம் கூட்டியே சொல்வார். நான் அனுமதிகளைப் பார்த்தேன். மீன்பிடி அனுமதி, எந்த மீனை எந்த மாதம் வைத்திருக்கலாம், எதைத் திரும்ப விட வேண்டும், தூண்டில் கொக்கியில் எதிர்முள் இருக்கலாமா கூடாதா. ஒழுங்குவிதிப் புத்தகம் ஒன்றைத் தபாலில் எடுத்து முழுவதும் வாசித்தேன். மீன்களுக்குக் கனடாவில் மிகத் தெளிவான நடைமுறை இருந்தது. ஒரு சமன் எப்போது உள்ளே வரும், எந்த வழியால் வரும், எங்கே போய்ச் சேரும் என்பதெல்லாம் அச்சில் இருந்தது.

படகு வாடகைக்குக் கொடுக்கும் கொம்பனி, ஆளுக்கொரு விபரத்தாள் அனுப்பியது. நீந்தத் தெரியுமா, ஒவ்வாத சாப்பாடு எது, கடைசியாகப் படகில் போனது எப்போது, இப்படிச் சில கேள்விகள். மூன்று தாளையும், மைத்துனர் கீறிய பாதையையும் சேர்த்து நான் மருந்துக்கடையிலிருந்து ஃபாக்ஸ் செய்தேன். இன்னொருவர் நிரப்பிய தாளை அவர் கேட்காமல் வாசிக்கக்கூடாது என்பது இன்னொரு கச்சேரி விதி. வாசிக்கவில்லை.

அடுத்த கிழமை அந்தக் கொம்பனியின் சொந்தக்காரி தொலைபேசியில் வந்தார். குரலில் ஒரு தயக்கம்.

"உங்கள் குழுவில் ஒருவர் தனக்கு இன்னும் கரையிறங்க அனுமதி கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். விண்ணப்பித்து மூன்று வருடமாகிறதாம். நானும் கனகாலமாக இந்தத் தொழில் செய்கிறேன். கரையில் இறங்குவதற்கு இத்தனை காலம் காத்திருந்த ஒருவரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்."

அந்தத் தாளில் 'லாண்டிங்' என்று ஒரு கட்டம் இருந்தது. இரவு தங்க எந்த இறங்குதுறையில் படகைக் கட்டப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. மன்னார்க்காரர் இரவு வேலை முடித்து வந்த கையோடு, அழகான எழுத்தில், நேர்மையாகப் பதில் எழுதியிருக்கிறார்: இன்னும் இல்லை, 1993இலிருந்து காத்திருக்கிறேன், வழக்கு ஏற்கப்பட்டுவிட்டது.

நான் அந்த அம்மாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று கேட்டார். "நீங்கள் அனுப்பிய பாதையில் முதல் நாளே எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போகிறீர்கள். அங்கே இருப்பது அமெரிக்கத் தீவுகள். சில நேரம் மறித்துப் பார்ப்பார்கள். உங்கள் நண்பரிடம் இருக்கும் தாளோடு அங்கே போனால், திரும்பி வரும்போது என்ன ஆகும்? எனக்குத் தெரியாது. விசாரித்துக்கொள்ளுங்கள்."

அந்த ஞாயிறு வரைபடத்தில் அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்தோம். தண்ணீரின் நடுவே மெல்லிய புள்ளிக்கோடு. மைத்துனரின் சிவப்புப் பென்சில் அதை இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு போயிருந்தது.

"எங்கடை வகுப்பிலை உதைப்பற்றிச் சொல்லித் தரேல்லை" என்றார் மைத்துனர்.

"கதிரைக் காலுக்கு எல்லையில்லை எல்லோ" என்றாள் மனைவி.

மன்னார்க்காரர் கோட்டின்மேல் விரலை வைத்தபடி இருந்தார். "தண்ணியிலை உது தெரியுமோ, தம்பி?"

"தெரியாது. ஆனா அது பெரிய பிரச்சினையில்லை. கரையிலை கால் வைச்சால்தானே?"

"எங்கடை பக்கமும் ஒரு கோடு கிடக்கு. எங்களுக்கும் தெரியேல்லை. நடுச்சாமத்திலை ஓட்டி சொன்னான், தாண்டியாச்சு எண்டு. அவ்வளவுதான். அண்டையிலையிருந்து நாங்கள் அகதி." அவர் விரலை எடுத்தார். "ஒருக்காத் தாண்டினது காணும். நான் வரேல்லை. நீங்கள் ரெண்டுபேரும் போயிட்டு வாங்கோ."

விதி என்னவென்று தெரியாத இடத்தில் எழுதிக் கேட்க வேண்டும். உரிய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றேன். படகில் இருந்தபடி, கரையில் இறங்காமல், தெரியாமல் கோட்டைத் தாண்டிய ஒருவர் கனடாவை விட்டு வெளியேறியவராகக் கருதப்படுவாரா? நியாயமான கேள்வி. ஒரு பந்தி போதும்.

"என்ரை ஃபைல் நம்பரைப் போடுவியளோ?" என்று கேட்டார் அவர்.

"போடாமல் எழுதினால் அதை மொட்டைக் கடிதம் எண்டு சொல்லுவினம்."

"மொட்டையாவே இருக்கட்டும், அண்ணை. நம்பரைப் போட்டால் ஃபைலை எடுப்பினம். எடுத்தால் பாப்பினம். பாத்தால் என்னத்தையாவது கண்டுபிடிப்பினம். உங்கடை கந்தோரிலை அப்பிடித்தானே நடந்தது?"

அப்படித்தான் நடந்தது. கோப்பு எண் இல்லாத கடிதத்துக்கு என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அது மேசைக்கு மேசை போகும், ஒவ்வொரு மேசையிலும் ஒரு முத்திரை விழும், கடைசியில் யாருடையதும் இல்லாத ஒரு காகிதக் கட்டுக்குள் போய்ச் சேரும். தெரிந்துகொண்டே 'ஒருவர்' என்று எழுதி, என் கையெழுத்தோடு அனுப்பினேன். அனுப்பாமல் இருக்க எனக்குத் தெரியாது.

பனி கரைந்தது. மைத்துனர் முனகிக்கொண்டே பாதையை மாற்றினார். இப்போது கோட்டிலிருந்து மிகத் தள்ளி, தீவின் நடுப்பகுதியிலிருந்து புறப்பட்டு வடக்கே போவதாகத் திட்டம். இருபுறமும் கனடாதான். அந்தப் படகுக்கார அம்மாவும் அதையே சிபார்சு செய்தார், சமனும் அங்கேதான் அதிகம் என்றார். நான் மன்னார்க்காரருக்குப் புதிய வரைபடத்தைக் காட்டினேன். கோடு அதில் எங்குமே இல்லை.

"நல்ல பாதை" என்றார். "ஆனா மனம் வராது, அண்ணை. நான் அங்கை தூண்டிலோடை நிக்கேக்கை இங்கை ஒரு கடிதம் வந்து, பதில் இல்லையெண்டு திரும்பிப் போனால்?"

"நான் என்ரை மனிசியிட்டைச் சொல்லி உம்மடை பெட்டியைப் பாக்கச் சொல்லுறன்."

"அவ பாக்கிறது சரி. எனக்கு நித்திரை வராதே."

பெரிய மீன், குளிர், நீரோட்டம் எதற்கும் பயப்படாதவர் ஒரு தபாற்பெட்டிக்குப் பயந்தார். மைத்துனருக்கு இது விளங்கவில்லை. அவர் மாணவராக வந்தவர், லாண்டிங் அவருக்கு ஒரு மத்தியானத்தில் முடிந்த வேலை.

"அத்தான், நாங்கள் ரெண்டுபேரும் போவம். யூன் நடுப்பகுதிக்குள்ளை போட்டை உறுதிப்படுத்த வேணும்."

"ரெண்டு பேருக்கு அந்தப் போட் பெரிசு" என்றேன்.

"சின்னது எடுப்பம்."

"சின்னது எனக்கு ஆகாது. ஆட்டத்துக்குச் சத்தி வாந்தி வரும்."

"பெரிசிலை வராதோ?"

"அவர் வந்தால் வராது."

மைத்துனர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருடைய அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "விடு தம்பி, உவர் உப்பிடித்தான். கொழும்புக்கும் தனிய ரயில் ஏறாத மனுசன்" என்றாள். நான் மறுக்கவில்லை.

யூன் மாதம் வந்தது. என் கடிதத்துக்குப் பதில் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. மைத்துனர் ஒருநாள் விட்டு ஒருநாள் தொலைபேசியில் வந்து, ஓமா இல்லையா என்று கேட்டார். ஒரு நாள் காலை பத்துமணி போல் கதவு தட்டப்பட்டது. மன்னார்க்காரர், பேக்கரி வெள்ளை உடுப்போடு, முழங்கையில் மாவோடு நின்றார். கையில் ஒரு நீளமான உறை. திறக்கப்படவில்லை.

"நீங்கள் உடைச்சு வாசியுங்கோ. என்ரை கையெல்லாம் மா."

நான் கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி, கதிரையில் அமர்ந்து, முழுவதையும் முதலில் மனதுக்குள் வாசித்தேன். பழக்கம். அவர் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

"அண்ணை, சத்தமா வாசிச்சால் என்ன குறைஞ்சு போமோ?"

சத்தமாக வாசித்தேன். நிரந்தர வதிவிட விண்ணப்பம் ஏற்கப்பட்டது, குறித்த நாளில் வந்து கையெழுத்திட்டுப் பத்திரத்தைப் பெற்றுக்கொள்ளவும். இரண்டாவது தரமும் வாசிக்கச் சொன்னார். மூன்றாவது தரம் என் மனைவி வாசித்தாள். அவள் வாசித்தபோதுதான் அவர் கதிரையில் அமர்ந்தார்.

"இனி அவையளைக் கூப்பிட எவ்வளவு காலம் எடுக்கும்?"

எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு எடுக்கும் என்பதும் தெரியும். முதலாவதை மட்டும் சொன்னேன்.

அந்த நேரம் தொலைபேசி அடித்தது. மைத்துனர். மன்னார்க்காரர் எழும்பி, தானே போய் எடுத்தார்.

"தம்பி, ஓகஸ்டிலை என்னாலை ஏலாது. லீவெல்லாம் எடுத்து ஸ்பொன்சர் வேலைக்கு அலைய வேணும்… ஓம், வந்திட்டுது… ஓம் தம்பி, இப்பதான்… இல்லையில்லை, நீர் ஏன் அழுறீர்? போட்டை நிப்பாட்டும், அவ்வளவுதான்."

படகு நிறுத்தப்பட்டது. மனைவி தேத்தண்ணி போட உள்ளே போனாள். நான் கடிதத்தை மேசையில் விரித்து வைத்தேன். உறையில் தபால் முத்திரை மங்கலாக இருந்தது. பின்னாளில் யாராவது கேட்டால் இருக்கட்டும் என்று, கிடைத்த திகதியைக் கடிதத்தின் மேல் மூலையில் பேனையால் எழுதி, கீழே என் சுருக்கொப்பத்தையும் போட்டேன்: 1996 யூன் 11, செவ்வாய்க்கிழமை.