சரியாகப் பாதி

நாலாம் வகுப்பு டீச்சர் ஒரே வாரத்தில் பிள்ளைகளை எடை போட்டுவிடுவார் என்று பள்ளிக்கூடத்தில் பேர். இருபத்தாறு வருஷ அனுபவம். பள்ளி திறந்ததும் மூன்று நாளில் மூன்று சின்னத் தேர்வு வைப்பார். யார் கெட்டி, யார் சுமார், யாரைக் கைபிடித்து இழுத்துப்போக வேண்டும் என்று அதிலேயே முடிவாகிவிடும்.

அந்த வருஷம் மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண். ஆள் பொடிசு என்பதால் எல்லோருக்கும் அவள் குருவி. டீச்சரும் அவளைச் 'சுமார்' பட்டியலில் எழுதிவிட்டிருந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் மார்க்கைக் கூட்டிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. குருவி, கணக்கில் இருபதுக்குப் பத்து. மொழிப்பாடத்தில் முப்பதுக்குப் பதினைந்து. அறிவியலில் இருபத்துநாலுக்குப் பன்னிரண்டு.

கணக்குத் தாளை மறுபடி எடுத்தார். எட்டேழு ஐம்பத்தேழு என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழேயே நாற்பத்தெட்டை முப்பத்தேழால் பெருக்கி, சரியான விடை. எட்டேழு ஐம்பத்தாறு என்று தெரியாமல் அதை எப்படிப் போட முடியும்?

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க?" என்றார் கணவர்.

"இந்தப் பொண்ணு வேணும்னே தப்பு பண்ணுதுங்க. எல்லாம் தெரிஞ்சாத்தான் இப்படி எண்ணிப் பாதியில நிறுத்த முடியும்."

மறுநாள் இடைவேளையில் குருவியை மட்டும் வகுப்பில் நிறுத்திக்கொண்டார்.

"பயப்படாதம்மா. எதுக்கு இப்படி எழுதுற?"

குருவி ஜன்னலைப் பார்த்தாள். "நிறைய வாங்கினா திட்டு விழும். கம்மியா வாங்கினா அம்மாவக் கூப்பிடுவாங்க. பாதின்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நிறைய வாங்கினா யாராவது திட்டுவாங்களா? யார் திட்டினது?"

குருவி பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

"நீங்கதான் டீச்சர்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வருஷம் மூன்றாம் வகுப்பு ஆசிரியை லீவில் இருந்தபோது, இவர் இரண்டு நாள் அந்த வகுப்பைப் பார்த்துக்கொண்டாராம். எதைக் கேட்டாலும் குருவி முந்திக்கொண்டு சொன்னாளாம். 'கொஞ்சம் வாயை மூடு, மத்தவங்களும் இருக்காங்க' என்றாராம். வகுப்பே சிரித்ததாம்.

டீச்சருக்கு அதில் ஒரு சொல்கூட ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இப்படி வாய்க்கு வந்ததை இருபத்தாறு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்போம் என்று எண்ணிப்பார்த்தார்.

"தப்பு என்மேலதான்மா," என்றார். குருவி நம்பிய மாதிரித் தெரியவில்லை.

சலவைக்கூடத்தில் துணி தேய்க்கும் குருவியின் அம்மா, டீச்சர் சொல்லியனுப்பியதும் வேலையில் அனுமதி கேட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். "எம்பொண்ணு என்ன பண்ணிட்டா டீச்சர்?" என்றார் மூச்சிரைக்க. விஷயத்தைச் சொன்னதும் நம்ப முடியாமல் பார்த்தார். "படிப்பு சுமாராத்தான் வரும்னுல்ல நெனச்சேன். வீட்லகூட வாயே திறக்க மாட்டாளே!"

டீச்சர் தலைமையாசிரியரிடம் போய் நின்றார். கணக்குப் பாடவேளைக்கு மட்டும் குருவி ஆறாம் வகுப்புக்குப் போவது, மற்ற நேரமெல்லாம் தன் சிநேகிதிகளோடு நாலாம் வகுப்பிலேயே இருப்பது என்று முடிவானது.

முதல் நாள் குருவி ஆறாம் வகுப்புக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மறுத்தாள். அந்த நேரம் தன் வகுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, டீச்சரும் கூடவே போய்க் கடைசி பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்தார். ஆறாம் வகுப்பு வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும்.

இரண்டாவது வாரம் வராந்தாவில் பாதி வழியில் குருவி நின்றாள். "நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம் டீச்சர்," என்றாள். "எல்லாரும் பாக்குறாங்க. எனக்கு வெக்கமா இருக்கு."