வெயிலில் படுத்திருந்த நாய்

கஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு எதிரே ரோடு கொஞ்சம் மேடாக இருக்கும். இரவு மழை பெய்தால் மற்ற இடமெல்லாம் சொதசொதவென்று கிடக்கும். அந்த மேடு மட்டும் காலை ஏழரைக்கே காய்ந்துவிடும். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் பனியனை மார்பு வரை சுருட்டிவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு அங்கே நிற்பார். கோழிகள் ஒரு பக்க இறக்கையை விரித்துச் சாய்ந்திருக்கும். நாய்கள் தார் ரோட்டிலேயே நீட்டிப் படுக்கும். சைக்கிள்காரர்கள்தான் வளைந்து போவார்கள்.

மூன்றாவது வீட்டு அண்ணனையும் அவர் மனைவி அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்து, பேச்சும் போய்விட்டது. 'ஆ' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு செவலை நாய் இருந்தது. அண்ணனுக்கு நாலடி தள்ளிப் படுத்து அதுவும் வெயில் காயும். அவர் 'ஆ' என்றால் எழுந்து போய் அவர் காலடியில் நிற்கும்.

நாடு சுதந்திரம் அடைந்த மெர்டேக்காவுக்கு முந்தின மாதங்கள் அவை. ஊரைச் சுத்தம் செய்கிறோம் என்று சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தெரு நாய்களைச் சுடவும் ஆள் போட்டார்கள். கழுத்தில் லைசன்ஸ் தகடு இருந்தால் விட்டுவிட வேண்டும். நான் சாக்கடை வெட்டும் வேலையில் இருந்தேன். சுட்ட நாய்களை எடுத்துப்போட என்னை நாய் சுடுகிறவர்கள் போகும் லோரிக்கு மாற்றினார்கள். நான் நாலாம் வகுப்புவரை படித்தவன். நாலு பேர் ஒன்றாகப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். லோரியில் என் பெயர் ஊமைச்சாமி.

ஒரு சாயங்காலம் குழாயடியில் அண்ணன் மனைவி, அந்த அக்கா, கேட்டார்.

"தம்பி, உங்க லோரி நம்ம பக்கம் எப்ப வருது?"

"தெரியலக்கா."

"நாய்க்குக் கழுத்துப் பட்டை உரசி உரசிப் புண்ணாப் போச்சு. மஞ்சளும் எண்ணெயும் தடவி வெயில்ல விடுறேன். காயுற வரைக்கும் பட்டையக் கழட்டி ஆணியில மாட்டியிருக்கேன். தகடு அதுலதான் இருக்கு. லோரி வந்தா ஒரு வார்த்தை சொல்லிருவீங்கல்ல?"

"சொல்றேங்க்கா."

"சத்தமாச் சொல்லுங்க. நீங்க பேசுறது உங்களுக்கே கேக்காது."

அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாலாம் நாள் லோரி எங்கள் தெருவுக்கே வந்தது. சீனக் கிழவர் பனியனை இறக்கிவிட்டு உள்ளே போனார். இரண்டு நாய்கள் எழுந்து ஓடின. செவலை மட்டும், புண் இருந்த பக்கத்தை வெயிலுக்குக் காட்டியபடி படுத்திருந்தது. அக்கா வெளியில் இல்லை.

"கழுத்துல ஒண்ணுமில்ல," என்றார் துப்பாக்கிக்காரர்.

"யாரு நாய் இது?" எங்களை வேலை வாங்கும் மண்டோர் பொதுவாகக் கேட்டார்.

நான் பின்னால் சாக்கோடு நின்றேன். வாயைத் திறந்தேன்.

"அது... அது வந்து..."

"ஏய், ஊமைச்சாமி மந்திரம் சொல்லுதுடா!" என்றான் கூட வேலை செய்தவன் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்தபின் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன் நாற்காலியில் துடித்தார். "ஆ! ஆ!" என்று கத்தினார்.

"ஐயா, பயப்படாதீங்க. உங்களச் சுட வரல," என்றார் மண்டோர், பரிவாகத்தான்.

கூப்பிடுகிறார் என்று நாய் எழுந்தது. துப்பாக்கிக்காரர் அண்ணன் பக்கம் குண்டு போகாதபடி சுற்றிப் போய் நின்று சுட்டார்.

அக்கா பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"கழுத்துல இருந்தாத்தானம்மா எங்களுக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு மண்டோர் லோரியில் ஏறினார்.

நான் குனிந்து நாயைத் தூக்கினேன். வெயில் பட்ட பக்கம் நல்ல சூடாக இருந்தது. அக்கா என் அருகே வந்தார்.

"தம்பி, நீங்க சொல்லலியா?"

"சொன்னேங்க்கா. அவங்க கேக்கல."

எஞ்சின் சத்தத்தில் அது அக்காவுக்கு மட்டும்தான் கேட்டது. அண்ணனுக்கும் கேட்டிருக்கும், பக்கத்தில்தான் இருந்தார். அக்கா ஓடிப்போய் லோரியைக் கையால் அடித்து, "பாவிங்களா, ஒரு மனுசன் சொல்லச் சொல்லச் சுட்டீங்களேடா!" என்று அழுதார்.

அதற்குப் பிறகு அக்கா என்னை மிகவும் நம்பினார். குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவார். முதுகு வலிக்கிறது, அண்ணனைக் காலையில் வெயிலுக்குத் தூக்கி வைக்க முடியுமா என்று கேட்டார். வேலைக்குப் போகுமுன் நான்தான் தூக்கி வைப்பேன். அவர் நல்ல கையை என் கழுத்தில் போட்டுக்கொள்வார். அவர் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். நான் ரோட்டைப் பார்த்து நடப்பேன். என்னிடம் அவர் ஒருநாளும் அந்தச் சத்தத்தை எழுப்பியதில்லை. ஒன்றரை வருடம் இப்படி. பிறகு இறந்துபோனார்.

அக்கா செமாபோக்கில் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். பல வருடம் கழித்து ஒருநாள் பஸ்ஸில் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் என்னைக் காட்டி, "பேசவே மாட்டாருன்னு எல்லாரும் கேலி பண்ணுவாங்க. அன்னிக்கு எங்களுக்காகப் பேசினது இவர் ஒருத்தர்தான்," என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பஸ்ஸை நிறுத்த நான் மணியை அடித்தேன். என் இடம் இன்னும் இரண்டு மைல் இருந்தது. இறங்கி நடந்தேன்.