என் கொன்சுவெக்ரீத்தாவுக்கு

பெரிய பேத்தி யாழினிக்கு பல் டாக்டர் படிக்க சீட் கிடைச்சிருக்கு. பேரன் முகில் கேரம்ல கப் வாங்கியிருக்கான். மெக்சிகோவுல இருக்கிற சின்னக்குட்டி நிலா ஸ்கூல்ல டான்ஸ் ஆடி மெடல்...

இதை ஸ்டேட்டஸ்ல போடத்தான் காலையில போனை எடுத்தேன். அதுக்குள்ள நிலாவோட அப்பா, என் மகன் செந்தில் கூப்பிட்டுட்டான். "அம்மா... அத்தை போயிட்டாங்கம்மா."

ரோசா. மருமகள் மரியானாவைப் பெத்தவங்க. என் சம்பந்தி.

மன்னார்குடியில செந்தில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அம்மாவாச்சே, நான் கொஞ்சம் விறைப்பாத்தான் உட்கார்ந்திருந்தேன். ரோசா நேரா வந்தாங்க, மண்டபமே பார்க்கக் கட்டிப்பிடிச்சாங்க. "கொன்சுவெக்ரீத்தா!"

என் நாத்தனார் சும்மா இருப்பாளா? "என்ன அண்ணி, சண்டை போடவே வழியில்லாம பண்ணிட்டாங்களே உங்க சம்பந்தி!"

என்னடா வார்த்தை அதுன்னு செந்தில்கிட்ட கேட்டேன். "அவங்க ஸ்பானிஷ்ல சுவெக்ரான்னா மாமியார்மா. லத்தீன்னு ஒரு பழைய பாஷையிலேர்ந்து வந்தது. முன்னாடி 'கொன்' போட்டா, கூடச் சேர்ந்து மாமியாரா இருக்கிறவங்க. கடைசியில வர்ற 'ஈத்தா' செல்லத்துக்கு. நம்ம சம்பந்திதான், கூட ஒரு கொஞ்சல்."

"நம்ம ஊர்ல சம்பந்தியை யாருடா கொஞ்சுறா?"

அஞ்சாவது வரைக்கும் படிச்ச நாக்கு. அந்த ஒரு வார்த்தையை மட்டும் விடாம சொல்லிப் பழகிட்டேன்.

எங்க வீட்டுக்காரர் தவறினப்ப செந்திலுக்கு டிக்கெட் கிடைக்கல. அங்கேயே உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தான்.

எங்க பக்கம் சாவு வீட்டுல அடுப்பு மூட்ட மாட்டோம், சம்பந்தி வீட்டுச் சாப்பாடுதான் வரணும்னு யாரோ ரோசாவுக்குச் சொல்லியிருக்காங்க. சோறும் பீன்ஸும் பெரிய பானையில ஆக்கிட்டு வந்து, அவனுக்கு ஊட்டியே விட்டாங்க. அப்புறம் வீடியோவுல பானையைக் காட்டி, "கொன்சுவெக்ரீத்தா... கொண்டு வந்துட்டேன்."

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு வாய் இறங்குச்சு.

இன்னிக்கு என் முறை. நான் எப்படிங்க அவ்வளவு தூரம் சோறு கொண்டு போவேன்...

செந்திலு, அழுதது போதும், எழுந்திருடா. போன்ல நான் சொல்லச் சொல்ல உலை வை. சாதமும் ரசமும் போதும். முதல்ல மரியானாவுக்குப் போடு. அத்தையோட பழகினவங்க எல்லாரையும் கூப்பிட்டுப் போடு.

போட்டுட்டு, அத்தை படத்துக்கு முன்னாடி ஒரு இலை... அங்க இலை ஏது. தட்டுலயே வை.

சம்பந்தி வீட்டுச் சாப்பாடு வந்துடுச்சு, கொன்சுவெக்ரீத்தா. ரசம் சூடு, பார்த்து.

வச்சதும் ஒரு போட்டோ போடுப்பா. நான் பார்க்கணும்.