மோகனுக்கு எந்த வருஷத்து வண்டி?

பழைய வண்டித் தரகில் விற்கிறவர் வண்டியின் வயதைக் குறைத்துச் சொல்வார், வாங்குகிறவர் தன் அவசரத்தைக் குறைத்துச் சொல்வார், இரண்டையும் நம்பியதுபோல் நின்றுகொண்டிருப்பதுதான் என் வேலை. பழைய வண்டி வாங்கி, பாதி வழியில் இறங்கித் தள்ளியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

மூன்று வருஷம், ஒரு கேள்வி

மோகனுக்குப் பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். அண்ணனோடு சேர்ந்து ஃபைபர் படகு வைத்திருக்கிறார். மனைவி அம்சா பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்கிறார். என் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் மீன் அவரிடம்தான். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஒரே ஆசை: கடலோரமாகவே வண்டியில் தனுஷ்கோடி வரை போய் வருவது. போன கோடையில் ஒரு சின்ன பைக்கில் கிளம்பினார்கள். கடலூர் தாண்டியதும் இன்ஜின் இறுகிவிட்டது. வண்டியைக் குட்டியானை என்கிற மினி லாரியில் ஏற்றி, அதைப் பிடித்துக்கொண்டே அம்சா ஊர் வந்து சேர்ந்தார். இன்னொரு தடவை இப்படி ஆனால் இந்த ஜென்மத்தில் பின்னால் உட்கார மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

இந்தக் கோடையில் நீண்ட தூரத்துக்கென்றே செய்த டூரிங் வண்டி, பழையது, வேண்டும் என்று இருவரும் என்னிடம் வந்தார்கள். ஒரே வண்டி மூன்று மாடலில் கிடைக்கும் என்றேன். 2017, பெட்ரோலைக் காற்றோடு கலந்து விடும் பழைய கார்புரேட்டர் வைத்தது, ஏபிஎஸ் கிடையாது. 2019 இன்ஜெக்ஷன், அந்த வேலையை எலக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்ளும்; சடாரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏபிஎஸ் உண்டு. 2021 மாடலில் மணலில் போகும்போது பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்க ஒரு சுவிட்ச், போனோடு சேர்ந்து வழிகாட்ட ஒரு குட்டி டயல். மைலேஜ், எடை, சீட் உயரம் என்று கால் மணி நேரம் விளக்கினேன். மோகன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அம்சா காலிக் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்:

"அதெல்லாம் இருக்கட்டும்ணே. மூணுல எது குட்டியானை மேல ஏறாதுனு மட்டும் சொல்லுங்க."

ஓடாத வண்டி

முதலில் பார்த்தது 2021. பழவேற்காட்டிலேயே, ஏரிக்கரை வீடு. வாங்கிய பையன் வெளிநாடு போய்விட்டான், அப்பா காட்டினார். மீட்டரில் நாலாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. நான் மனதுக்குள் கைகுலுக்கிவிட்டேன். இந்தத் தொழிலில் குறைந்த கிலோமீட்டரைப் பார்த்தால் மூளை கொஞ்ச நேரம் வேலை செய்யாது, உங்களுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

ஓலைக் கொட்டகையில் இரண்டு வருஷம் நின்ற வண்டி அது. உப்பு ஏரிக் காற்று நேரே வந்து மோதுகிற இடம். மேலே போட்ட உறையை நீக்கியதும் டேங்க் கண்ணாடியாக மின்னியது. மோகன் டேங்கைப் பார்க்கவே இல்லை. குனிந்து அடியில் கையை விட்டார். ஸ்போக்கில் வெள்ளையாகப் பூத்திருந்தது. செயின் கம்பிபோல் விறைத்து நின்றது. சீட்டைத் தூக்கினால் ஒயர் இணைப்புகளில் பச்சை பிடித்திருந்தது. வழிகாட்டும் டயலுக்குள் தண்ணீர் கோத்திருந்தது. பெரியவர் விடவில்லை: "ஓட்டவே இல்ல தம்பி, புத்தம்புது வண்டி." மோகன் விரலில் ஒட்டிய பச்சையை அவரிடம் நீட்டினார்.

"புள்ள ஓட்டல, ஒத்துக்குறேன் நைனா. ரெண்டு வருஷமா உப்புக்காத்து ஓட்டிக்கினு இருந்துக்கீதே!"

நான் பாஸ் போட்ட வண்டி

அடுத்தது 2019. காட்டூரில் ஒரு விவசாயி வீடு. நல்ல சிமெண்ட் ஷெட், சர்வீஸ் புத்தகம், புது டயர். நான் ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் சத்தம் கேட்டேன். ஏபிஎஸ் விளக்கு சரியாக எரிந்து சரியாக அணைந்தது. பிரமாதம் என்று சொல்லி, அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லி மோகனுக்குக் கண்ணும் காட்டிவிட்டேன்.

மோகன் பணத்தை எடுக்கவில்லை. விரல் முட்டியால் டேங்கை வரிசையாகத் தட்ட ஆரம்பித்தார். ஒட்டுப்போட்ட ஃபைபர் படகைத் தண்ணீரில் இறக்குமுன் குப்பத்தில் அப்படித்தான் அடி முதல் நுனி வரை தட்டிப் பார்ப்பார்கள். டங், டங், டங் என்று வந்த சத்தம் இடது பக்கம் போனதும் 'தொப்' என்றது. விரலால் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, "இவ்ளோ தூரத்துக்கு பட்டி" என்றார். வண்டி ஒருநாளும் விழுந்ததில்லை என்று விவசாயி சாமிமேல் சத்தியம் செய்தார். சாவியால் ஓரத்தில் லேசாகச் சுரண்டினால் பெயிண்டுக்குக் கீழே நசுங்கலை மூடி அடைத்த சாம்பல் நிறப் பட்டி, உள்ளங்கை அகலம். அதற்குப் பிறகு முன்னால் போய் நின்று பார்த்தபோதுதான் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஒரு பக்கம் இழுத்திருப்பது எனக்குத் தெரிந்தது. மச்சான் ஒருதரம் லேசாகச் சாய்த்தான் என்று விவசாயி இறங்கி வந்தார். தெருமுனை வரை என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன். மோகன்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"வுடுங்கண்ணே. அடைச்ச எடம் கைக்குத் தெரியலன்னா நாங்கல்லாம் எப்பவோ முழுகியிருப்போம்."

ஆரம்பாக்கத்துக்காரர்

மிச்சம் இருந்தது 2017. ஆரம்பாக்கத்தில் ஹைவே ஓரமாக டயர் கடை வைத்திருக்கும் யேசுதாஸ் என்பவருடையது. அறுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர். சீட் கிழிந்து தைத்தது. இவர் எனக்கு வேலையே வைக்கவில்லை. குறைகளை அவரே சொல்லிக்கொண்டு போனார். காலையில் சோக் இழுக்காமல் கிளம்பாது. ஹேண்டில் பேரிங் மாற்ற வேண்டும். கார்புரேட்டரில் தூசி சேர்ந்தால் இருமும். விற்கிறவர் இப்படிப் பேசினால் தரகனுக்குச் சந்தேகம்தான் வரும். போதாததற்குக் காட்டூரில் பட்ட அடி. வேண்டாம், ஏபிஎஸ்கூட இல்லை, இன்னும் ஒரு வாரம் தேடலாம் என்று மோகன் காதில் சொன்னேன்.

மோகன் தட்டினார். எல்லா இடமும் டங் என்றது. பேரிங் மட்டும் மாற்றிவிட்டால் போதும் என்றார். ஏபிஎஸ் இல்லாத குறைக்கு மெதுவாகப் போவேன் என்றார். ஆனால் முடிவு அவர் கையில் இல்லை. அம்சா பின்னால் ஏறி உட்கார்ந்து, ஹைவேயில் போய்வந்து, இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு யேசுதாஸிடம் ஒன்றே ஒன்று கேட்டார், இந்த வண்டி எப்போதாவது லாரியில் ஏறி வந்ததுண்டா என்று. அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"ஒரே ஒரு தரம் ஏறிச்சும்மா. கம்பெனியிலேர்ந்து ஷோரூமுக்கு."

நான்காம் நாள் போன்

வண்டியை வாங்கி, பேரிங்கை மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். முதல் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி நின்றால் அம்சா இனி ஏற மாட்டார். மோகனின் ஆசை அதோடு முடிந்தது. நானும் மார்க்கெட்டில் மீன் வாங்க வேறு பக்கம் போக வேண்டும்.

நான்காம் நாள் மத்தியானம் அம்சா கூப்பிட்டார். "அண்ணே, வண்டி நின்னுப்போச்சு" என்றுதான் ஆரம்பித்தார். காலையில் தொண்டி தாண்டி இருமி இருமி நின்றிருக்கிறது. மோகன் புளியமர நிழலில் துண்டை விரித்து, கார்புரேட்டரைக் கழற்றி, ஊதித் துடைத்து மாட்டியிருக்கிறார். படகு இன்ஜினில் கார்புரேட்டரை மாதத்துக்கு இரண்டு தரம் கழற்றுகிற கை அது. அரை மணி நேரம்தான். அதற்குள் அம்சா ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டாராம். இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் மோகன் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். லாரிக்குக் கைகாட்டியிருப்பார். "இப்ப எங்க இருக்கீங்க?" என்றேன். போனில் காற்று இரைந்தது.

"தனுஷ்கோடிணே! இங்கயும் அதே கடல்தான், ஆனா இன்னிக்கு ஒரு மீனக்கூட நான் ஆயல, தூக்கல, விக்கல. சும்மா பாத்துக்கினு குந்தினுகீறேன்."

எந்த வருஷத்து மாடல் நல்லது என்று யாராவது கேட்டால், வழியில் நின்றுபோனால் உங்களுக்கு எதைக் கழற்றத் தெரியும் என்று நான் இப்போது திருப்பிக் கேட்கிறேன், அதோடு பாதிப் பேர் புது வண்டிக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.